என் பாட்டியின் ரசோனை இயந்திரம் திருத்தலாமா? செயற்கை நுண்ணறிவும் நம் தீவின் தமிழ் எழுத்தும்

கேள்வி: பாம்ப்ளமூஸ் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் தொடக்கப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். கிடைக்கிற நேரத்தில் சிறுகதை எழுதுகிறேன். இதுவரை பதினொரு கதைகளை முடித்திருக்கிறேன். அவற்றைத் தொகுப்பாக அச்சிட வேண்டும் என்ற ஆசை மூன்று ஆண்டுகளாக இருக்கிறது. என் கதைகளைப் படித்துத் திருத்தித் தந்துகொண்டிருந்த என் ஆசிரியர் சென்ற ஆண்டு காலமானார். அவருக்குப் பிறகு, பொறுமையாக உட்கார்ந்து ஒற்றுப் பிழையையும் வாக்கியப் பிழையையும் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் எனக்குத் தெரிந்து விரல்விட்டு எண்ணக்கூடிய அளவிலேயே நம் மொரிஷியஸ் தீவில் இருக்கிறார்கள். அவர்களும் பள்ளி, தேர்வு, கோயில் வேலை என்று ஓய்வில்லாமல் இருப்பவர்கள். ஆகவே சில மாதங்களுக்கு முன் என் கதைகளை ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுத்துத் திருத்தத் தொடங்கினேன்.

கிடைத்த நன்மையை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் பேச்சு கிரியோல், நாளிதழ் பிரெஞ்சு, அலுவலகத் தாள்கள் ஆங்கிலம். தமிழ் நம்மில் பெரும்பாலோருக்குக் கோயிலிலும் வகுப்பறையிலும் கிடைக்கிற மொழி. அப்படி வளர்ந்த காதுக்கு லகர, ளகர, ழகர வேறுபாடு எளிதில் பிடிபடுவதில்லை. பதினைந்து ஆண்டுகளாகப் பாடம் நடத்துகிற நானே, வேகமாக எழுதும்போது 'வாழை' என்பதை 'வாளை' என்று எழுதிவிடுகிறேன், வாளை என்பது மீன் என்று தெரிந்திருந்தும். 'எனக்கு தெரியும்' என்று எழுதி, வரவேண்டிய ஒற்றை விட்டுவிடுகிறேன். செயலி இவற்றை எல்லாம் நொடியில் எடுத்துக் காட்டியது. இரவு பதினொரு மணிக்குக் கேட்டாலும் சலிக்காமல் விடை சொன்னது. என் ஆசிரியர் இருந்தபோது ஒரு கதைக்கு மூன்று வாரம் காத்திருப்பேன். இப்போது ஒரே மாலையில் வேலை முடிந்துவிடுகிறது.

சிக்கல் எட்டாவது கதையில் வந்தது. காவடித் திருவிழா முடிந்த மறுநாள், உறவினர்களுக்கு வாழையிலையில் ஏழு கறி பரிமாறுவதற்காகப் பாட்டி விடியற்காலையிலேயே சமைக்கத் தொடங்குகிறாள். பேத்தி அவளுடைய காலடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள். கதை அவ்வளவுதான். அதில் நான் எழுதியிருந்த வரிகள் இவை: 'பாட்டி சோற்றை வடித்து, கஞ்சியை நாய்க்கு ஊற்றிவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைக்காமலே என் தலையைத் தடவினாள். ரசோன் கொதித்துவிட்டது, முரூம் மட்டும் பாக்கி என்றாள்.'

செயலி திருப்பித் தந்தது இது: 'பாட்டி தனது சமையல் பணிகளை நிறைவு செய்த பின்னர், அன்பின் வெளிப்பாடாக என் தலையை மென்மையாக வருடினாள். ரசம் தயாராகிவிட்டதாகவும், முருங்கைக்கீரை மட்டுமே மீதமுள்ளதாகவும் தெரிவித்தாள்.'

இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் நாய் போய்விட்டது, கஞ்சி போய்விட்டது, ஈரக் கை போய்விட்டது. நம் ஊரில் ரசத்தை ரசோன் என்றும், முருங்கைக்கீரையை முரூம் என்றும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். அந்த இரண்டு சொற்களும் பிழை என்று கருதப்பட்டு நீக்கப்பட்டன. போதாததற்கு, நான் கேட்காமலே கதையின் இறுதியில், அந்த ஏழு கறிகளும் தலைமுறைகளை இணைக்கும் பாலம் என்று பொருள்படும்படி ஒரு வரியையும் சேர்த்திருந்தது.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. முதல் வாசிப்பில் எனக்கு அந்தத் திருத்தம் பிடித்திருந்தது. என் எழுத்தைவிட அதுதான் 'நல்ல தமிழ்' என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து என் தங்கை படித்துவிட்டு, "இது நம் பாட்டி இல்லையே, அக்கா" என்று சொன்ன பிறகுதான் மூலப்படியைத் தேடி எடுத்தேன். முந்தைய ஏழு கதைகளிலும் இப்படி எதை எதை இழந்திருக்கிறேன் என்று இப்போது ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எனவே எழுதுகிறவர்களிடமும் விவரம் அறிந்தவர்களிடமும் கேட்கிறேன். இச்செயலி ஏன் இப்படிச் செய்கிறது? பிழை திருத்த மட்டும் பயன்படுத்தி, மற்றபடி அது கைவைக்காமல் பார்த்துக்கொள்ள வழி உண்டா? அதன் வரிகள் சில கலந்துவிட்ட கதையை என் கதை என்று நான் அச்சிடுவது முறையா? முன்னுரையில் இதைக் குறிப்பிட வேண்டுமா?

---

மறுமொழி: காட்ர் போர்ன் மென்பொருளாளர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். நான் கணினித் துறையில் வேலை செய்கிறேன், எழுத்தாளன் அல்லன். உங்கள் முதல் இரண்டு கேள்விகளுக்கு மட்டும் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

இந்தச் செயலிகளின் உள்ளே இருப்பது மொழி மாதிரி என்று சொல்லப்படுகிற ஒன்று. கோடிக்கணக்கான பக்கங்களைப் படிக்க வைத்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வர வாய்ப்பு மிகுதி என்பதை அதற்குப் பழக்கியிருக்கிறார்கள். அது படித்த பக்கங்களில் பெரும்பகுதி ஆங்கிலம். தமிழ்ப் பங்கு சிறியது. அந்தச் சிறிய பங்கிலும் தமிழ்நாட்டுச் செய்தித் தளங்கள், திரைப்படச் செய்திகள், விக்கிப்பீடியாக் கட்டுரைகள், ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கப்பட்ட பக்கங்கள் ஆகியவையே மிகுதி. மொரிஷியஸ் தமிழர் எழுதிய கதைகள் இணையத்தில் எத்தனை பக்கம் இருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். 'கொதித்துவிட்டது' என்ற சொல்லுக்கு முன் 'ரசம்' வருவதை அது பலமுறை கண்டிருக்கும். 'ரசோன்' வருவதை அநேகமாகக் கண்டிருக்காது. காணாததைப் பிழை என்று எடுத்துக்கொள்வது அதன் இயல்பு. 'அன்பின் வெளிப்பாடாக', 'தெரிவித்தாள்' போன்ற தொடர்கள் செய்தித் தமிழிலிருந்தும் மொழிபெயர்ப்புத் தமிழிலிருந்தும் வந்தவை. அடிக்கடி வருவதை நோக்கி அது எப்போதும் சாயும்; உங்கள் பாட்டியின் ஈரக் கையோ ஒரே ஒரு முறைதான் நடந்தது.

தமிழுக்கு இன்னொரு தடையும் இருந்தது. இயந்திரம் நம்மைப் போல எழுத்தெழுத்தாகப் படிப்பதில்லை. டோக்கன் எனப்படும் துண்டுகளாக வெட்டிக்கொண்டு படிக்கிறது. ஆங்கிலச் சொல் பெரும்பாலும் ஒரே துண்டாக நிற்கும். தமிழ்ச் சொல்லோ முன்பெல்லாம் மெய்யும் உயிர்க்குறியுமாகச் சிதறி ஏழெட்டுத் துண்டாகிவந்தது. சாட்ஜிபிடி செயலியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம் 2024 மே மாதத்தில் ஜிபிடி-4ஓ மாதிரியை வெளியிட்டபோது அதுவே காட்டிய எடுத்துக்காட்டில், ஒரே தமிழ்ப் பகுதிக்கு முன்பு 116 துண்டுகள் தேவைப்பட்டன என்றும் புதிய முறையில் 35 போதும் என்றும் குறிப்பிட்டிருந்தது. துண்டு குறைந்தால் செலவு குறையும், ஒரே நேரத்தில் அது நினைவில் வைத்துக்கொள்ளும் கதையின் நீளமும் கூடும். அண்மைக் காலத்தில் அதன் தமிழ் முன்னேறியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். ஆனால் துண்டு குறைந்ததால் நம் ஊர்ச் சொல் அதற்குத் தெரிந்துவிடப் போவதில்லை.

நம்மிடமும் ஒரு பெரிய இழப்பு இருக்கிறது. தொண்ணூறுகளிலும் அதற்குப் பின் பத்தாண்டுகளிலும் தட்டச்சு செய்யப்பட்ட விழா மலர்களும் சங்க வெளியீடுகளும் பாமினி, டிஸ்கி போன்ற பழைய எழுத்துருக் குறியீடுகளில் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும் தெரியும். அவற்றை எல்லாக் கணினிகளும் படிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிப் பொதுவில் வைத்தால் ஒழிய எந்த இயந்திரமும் நம் தமிழைக் கற்கப் போவதில்லை. நாளை நம் பேரப்பிள்ளைகளும் படிக்கப் போவதில்லை. மாற்றும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. அச்சுப் படி மட்டும் இருந்தால் பக்கத்தைப் படம் பிடித்து எழுத்துணரியிடம் கொடுக்கலாம். தெளிவான தமிழ் அச்சை அது இப்போது நன்றாகவே படிக்கிறது. எழுத்தாளருக்கு இத்தொழில்நுட்பம் செய்யக்கூடிய உதவிகளில் இதைத்தான் நான் முதலாவதாக வைப்பேன்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். 'திருத்தித் தா' என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் முழுவதையும் திரும்ப எழுத அது உரிமை பெற்றுவிட்டதாக நடந்துகொள்ளும். 'எழுத்துப் பிழை, ஒற்றுப் பிழை ஆகியவற்றை மட்டும் சுட்டிக்காட்டு; வாக்கியத்தை மாற்றாதே; பிழையான சொல், திருத்திய சொல், காரணம் ஆகிய மூன்றையும் தனித்தனி வரியில் எழுது' என்று தமிழிலேயே சொல்லுங்கள். மாற்றக் கூடாத ஊர்ச் சொற்களை முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். அது காட்டும் பட்டியலைப் பார்த்து உங்கள் படியில் உங்கள் கையாலேயே திருத்துங்கள். ஒற்று விஷயத்தில் அது சில இடங்களில் தவறும். வராத இடத்தில் வலிந்து ஒற்று மிகுவிக்கும். காரணத்தையும் கேட்டு வாங்கினால், ஆசிரியையான உங்களுக்கு அந்தத் தவறு உடனே தெரிந்துவிடும்.

---

மறுமொழி: போர்ட் லூயிஸ் அச்சகத்தார்

அம்மா, வணக்கம். நாற்பது ஆண்டுகளாக அச்சுத் தொழிலில் இருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை முதல் விழா மலர் வரை எல்லாவற்றிலும் தமிழ் அச்சடித்திருக்கிறேன். நடையைப் பற்றி நீங்கள் இருவரும் பேசினீர்கள். நான் உண்மையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கோயில் மலருக்கு ஒரு கட்டுரை வந்தது. நல்ல கட்டுரை, ஓட்டமான தமிழ். அதில் கோயில் கட்டப்பட்ட ஆண்டும் முதல் அறங்காவலரின் பெயரும் இருந்தன. பக்கத்தைக் கோத்து முடித்து மெய்ப்புப் படியை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போயிருந்தபோது, வாசலில் உள்ள கல்வெட்டைத் தற்செயலாகப் பார்த்தேன். ஆண்டு வேறு, பெயர் வேறு. எழுதிய இளைஞரைக் கேட்டபோது, கட்டுரையை இயந்திரம்தான் எழுதியது, சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன் என்றார். அதே கட்டுரையில் ஒரு திருக்குறளும் எண்ணோடு இருந்தது. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் அந்த எண்ணில் வேறு குறள், கட்டுரையில் இருந்த வரியோ 1330 குறள்களில் எங்குமே இல்லை. வள்ளுவர் நடையில் இயந்திரமே இயற்றியிருக்கிறது. முந்நூறு படிகள் அச்சாகியிருந்தால், இன்னும் ஐம்பது ஆண்டுகள் கழித்து யாரோ ஒருவர் அதை ஆதாரமாக எடுத்துக்காட்டியிருப்பார்.

பெரிய நாடுகளில் பெரிய பத்திரிகைகளுக்கே இது நடந்திருக்கிறது. 2025 மே மாதத்தில் சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழுடன் வந்த ஓர் இணைப்பில், கோடையில் படிக்க வேண்டிய நூல்கள் என்று 15 நூல்களைப் பட்டியலிட்டிருந்தார்கள். அவற்றில் 10 நூல்களை யாருமே எழுதவில்லை. உண்மையான எழுத்தாளர்களின் பெயரில் இல்லாத நூல்களை இயந்திரம் புனைந்திருந்தது.

கதை எழுதுகிறவர்களுக்கு இது பொருந்தாது என்று எண்ணாதீர்கள், அம்மா. உங்கள் கதையில் கப்பல் வரும், கரும்புத் தோட்டம் வரும், ஆண்டு வரும். 1834 முதல் இத்தீவில் வந்திறங்கிய ஏறத்தாழ ஐந்து லட்சம் ஒப்பந்தத் தொழிலாளர்களின் பதிவேடுகள் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கே ஒரு நாள் உட்காருங்கள், செயலியைக் கேட்காதீர்கள்.

---

மறுமொழி: ரோஸ் ஹில் மொழிபெயர்ப்பாளர்

மதிப்புக்குரிய ஆசிரியை அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம். பிரெஞ்சு, ஆங்கிலம், கிரியோல் ஆகியவற்றிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பதை இருபது ஆண்டுகளாகப் பகுதிநேரத் தொழிலாகச் செய்து வருகிறேன். வருமானம் எப்போதுமே சிறியதுதான். இப்போது அதுவும் பாதியாகக் குறைந்துவிட்டது. சங்க ஆண்டறிக்கைகள், விழாப் பேச்சுகள், அழைப்பிதழ்கள் ஆகியவற்றை முன்பெல்லாம் என்னிடம் அனுப்புவார்கள். இன்று இயந்திரத்தில் போட்டு எடுத்துக்கொண்டு, ஐயா, ஒரு பார்வை பார்த்துக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். பார்வைக்குக் கூலி என்று எதுவும் இல்லை. கெட்டுப்போன மொழிபெயர்ப்பைச் சரிசெய்வது புதிதாக மொழிபெயர்ப்பதைவிடக் கடினமான வேலை என்பதை யாருக்கும் புரியவைக்க முடியவில்லை.

அண்மையில் ஒரு நாடகக் குழு கிரியோலில் எழுதிய நாடகத்தை இயந்திரத்தின் வழியாகத் தமிழாக்கி என்னிடம் கொடுத்தது. கூகுள் மொழிபெயர்ப்பில் 2024இல் மொரிஷியஸ் கிரியோல் சேர்க்கப்பட்டபோது நானும் மகிழ்ந்தவன்தான். ஆனால் அந்த நாடகப் படியைப் படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். கிரியோலில் 'லி' என்ற ஒரே சொல் ஆணையும் பெண்ணையும் குறிக்கும். மரியாதை வேறுபாடும் அதில் கிடையாது. தமிழில் அவன், அவள், அவர் என்று ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். மருத்துவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இயந்திரம் 'அவர்' என்றும், சமைக்கிறவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'அவள்' என்றும் போட்டிருந்தது. நாடகத்தில் மருத்துவர் அந்த வீட்டின் இளைய மகள், சமைக்கிறவர் தாத்தா. மாறாக, கிரியோலில் 'தோ', 'ஊ' என்று முன்னிலையில் இரண்டு சொற்கள் உண்டு, நம் நீ, நீங்கள் போல. மருமகள் மாமியாரை 'ஊ' என்று அழைத்து வந்து, சண்டை முற்றும் காட்சியில் முதன்முறையாக 'தோ' என்கிறாள். நாடகத்தின் உயிரே அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. தமிழ்ப் படியிலோ அவள் தொடக்கத்திலிருந்தே மாமியாரை 'நீ' என்றுதான் அழைத்துக்கொண்டிருந்தாள். இரண்டையும் ஒன்றாக்கிவிட்ட ஆங்கிலத்தின் வழியாகப் போய்வந்தது போன்ற தோற்றம் அந்தப் படியின் ஒவ்வொரு பக்கத்திலும் இருந்தது.

இப்போது உரிமை பற்றி. இந்த இயந்திரங்கள் எழுத்தாளர்களின் நூல்களைப் படித்துத்தான் எழுதக் கற்றன. அவற்றை அனுமதியின்றி எடுத்தது சரியா என்று அமெரிக்காவில் பல வழக்குகள் நடக்கின்றன. கிளாட் என்ற செயலியை உருவாக்கிய ஆந்த்ரோபிக் நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் 2025 ஜூன் மாதம் வந்த தீர்ப்பு, நூல்களைக் கொண்டு இயந்திரத்தைப் பயிற்றுவிப்பது நியாயமான பயன்பாடு, அதாவது அனுமதியில்லாமலே சட்டம் இடம் தரும் பயன்பாடு, என்றது. ஆனால் திருட்டுத் தளங்களிலிருந்து நூல்களை இறக்கிச் சேர்த்து வைத்ததை அது ஏற்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் அந்நிறுவனம் 150 கோடி டாலர், அதாவது நூல் ஒன்றுக்கு ஏறத்தாழ 3,000 டாலர், தருவதாக உடன்பாடு செய்துகொண்டது. கேட்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் அந்தத் தொகை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவான நூல்களுக்குத்தான். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ நம் ஊரிலோ அச்சான தமிழ் நூல்களில் எத்தனை அங்கே பதிவாகியிருக்கும்? நம் எழுத்தும் எடுக்கப்பட்டிருக்கலாம். கேட்கும் இடத்தில் நாம் நிற்கவே இல்லை. இது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஒன்றுகூடிக் கேட்டவர்களுக்குச் சிறிது கிடைத்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2023 மே 2ஆம் நாள் தொடங்கி 148 நாள்கள் வேலைநிறுத்தம் செய்த அமெரிக்கத் திரை எழுத்தாளர் சங்கம், இயந்திரத்தை எழுத்தாளராகக் கருதக் கூடாது என்பதையும், இயந்திரம் எழுதிய படியைக் கொடுத்தால் அதை எழுத்தாளரிடம் நிறுவனம் தெரிவிக்க வேண்டும் என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியது. நம் சங்கங்களும் குறைந்தது தங்கள் போட்டிகளுக்கும் மலர்களுக்கும் இப்படி ஒரு விதியை எழுதிவைக்கலாம்.

ஆசிரியை கேட்ட கடைசிக் கேள்விகளுக்கு என் கருத்து இது. அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2023 மார்ச்சில் தந்த விளக்கத்தின்படி, மனிதர் எழுதிய பகுதிக்கே பதிப்புரிமை. இயந்திரம் உருவாக்கிய பகுதிக்கு இல்லை. அமேசானின் நூல் வெளியீட்டுத் தளமும், இயந்திரம் எழுதியதைத் தன்னிடம் அறிவிக்க வேண்டும் என்றும், தாமே எழுதியதை இயந்திரத் துணையோடு மெருகேற்றியிருந்தால் அறிவிக்கத் தேவையில்லை என்றும் பிரித்து வைத்திருக்கிறது. அந்தப் பிரிவினை சட்டத்துக்குப் போதும். வாசகருக்குப் போதாது என்று நான் நினைக்கிறேன். ஒற்றுப் பிழை பார்த்ததைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வாக்கியத்தை அது எழுதி, அந்த வாக்கியம் நூலில் நின்றால், முன்னுரையில் சொல்லிவிடுங்கள். அதைவிட அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு நீங்களே எழுதுவது மேல்.

---

மறுமொழி: மஹேபூர் மாணவர்

வணக்கம். பெரியவர்கள் பேசும் இடத்தில் மாறுபட்டுச் சொல்வதற்குப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். நான் பல்கலைக்கழக மாணவன். எங்கள் வீட்டில் தாத்தாவோடு தமிழ்ப் பேச்சு நின்றுவிட்டது. பள்ளியில் விருப்பப் பாடமாகப் படித்ததுதான் எனக்குத் தெரிந்த தமிழ். இன்று நான் எழுதும் இந்தப் பத்தியைக்கூட இயந்திரத்திடம் பிழை பார்த்துத்தான் இங்கே இடுகிறேன்; அது 14 இடங்களைக் காட்டியது, 12 இடங்களை ஏற்றுக்கொண்டேன்.

நீங்கள் எல்லாரும் தமிழ் தெரிந்த பிறகு இயந்திரத்திடம் வந்தவர்கள். ஆகவே அது எடுத்துக்கொள்வது உங்கள் கண்ணுக்கு முதலில் படுகிறது. நான் அதன் கையைப் பிடித்துக்கொண்டு தமிழுக்குள் வந்தவன். 'கண்டான்' என்பதற்கும் 'பார்த்தான்' என்பதற்கும் என்ன வேறுபாடு என்று ஒரு வாரத்தில் பத்து முறை கேட்டிருக்கிறேன். ஒரு மனிதரிடம் மூன்றாவது முறை கேட்கவே எனக்கு வெட்கமாக இருக்கும். என் முதல் கவிதையைப் படித்துவிட்டு ழகரப் பிழைக்காகக் கூட்டத்தின் நடுவில் சிரித்தவர்கள் உண்டு; அதன் பிறகு நான்கு ஆண்டுகள் தமிழில் ஒரு வரியும் எழுதவில்லை. திரும்ப எழுதத் தொடங்கியது இந்தச் செயலி வந்த பிறகுதான். என்னைப் போன்றவர்கள் இத்தீவில் பலர் இருக்கிறார்கள் என்பதை ஆசிரியை அவர்கள் வகுப்பறையில் தினமும் பார்க்கிறீர்கள்.

எனக்கு நேர்ந்த கெடுதி வேறு வகையானது. சென்ற ஆண்டு ஒரு கட்டுரைப் போட்டிக்கு ஆங்கிலத்தில் நானே எழுதி அனுப்பியதை, இயந்திரம் எழுதியது என்று ஒரு கண்டறியும் மென்பொருள் சொன்னதாகக் கூறித் தள்ளுபடி செய்தார்கள். என் குறிப்பேட்டைக் காட்டியும் ஏற்கவில்லை. பிறகு தேடிப் படித்தபோது, ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2023இல் செய்த சோதனையில், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதிய தேர்வுக் கட்டுரைகளில் பாதிக்கும் மேலானவற்றை இத்தகைய மென்பொருள்கள் தவறாக இயந்திர எழுத்து என்று காட்டின என்று அறிந்தேன். எளிய சொற்களையும் நேரான வாக்கியங்களையும் பயன்படுத்துவதுதான் எங்கள் குற்றம். ஓப்பன்ஏஐ நிறுவனமே தான் வெளியிட்ட கண்டறியும் கருவியைத் துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. ஆகவே மொழிபெயர்ப்பாளர் ஐயா சொன்னபடி சங்கங்கள் விதி எழுதுவதாக இருந்தால், ஒரு மென்பொருளின் பேச்சை மட்டும் கேட்டு யாரையும் தள்ளக் கூடாது, எழுதியவரை அழைத்து எதிரில் உட்காரவைத்துக் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டுகிறேன்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். என் நான்கு கவிதைகளில் வேண்டாமலே ஒரே மாதிரியான 'பாலம்' வந்திருக்கிறது. ஆசிரியையின் பதிவைப் படித்த பிறகுதான் அதைக் கவனித்தேன்.

---

மறுமொழி: பாம்ப்ளமூஸ் ஆசிரியை

விரிவாக எழுதிய அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி.

மென்பொருளாளர் சொன்ன முறையில் ஒன்பதாவது கதையைக் கொடுத்துப் பார்த்தேன். 31 பிழைகளைப் பட்டியலிட்டது. அவற்றில் 26 சரியானவை. மூன்று இடங்களில் தேவையில்லாத ஒற்று. இரண்டு இடங்களில், தடை சொல்லியும், 'பிபங்காய்' என்பதைப் 'பீர்க்கங்காய்' ஆக்கச் சொன்னது. கதையில் ஒரு வாக்கியமும் மாறவில்லை. திருத்தங்களை நானே கையால் எழுதியதில் எனக்கு ஒரு பயனும் கிடைத்தது: எந்த எந்த இடத்தில் நான் திரும்பத் திரும்பத் தவறுகிறேன் என்பது தெரிந்தது. என் ஆசிரியர் சிவப்பு மையால் வட்டமிட்டுத் தந்தபோதும் அப்படித்தான் கற்றேன். முழுவதும் திருத்திய படியை வாங்கிக்கொண்டிருந்த மாதங்களில் நான் எதையும் கற்கவில்லை என்பதும் இப்போது தெரிகிறது.

எட்டாவது கதையில் நாயும் கஞ்சியும் ஈரக் கையும் திரும்பி வந்துவிட்டன. முதல் ஏழு கதைகளில் இயந்திரம் எழுதிய வரிகள் 43 இருந்தன. 40 வரிகளை நீக்கி என் பழைய வரிகளை வைத்துவிட்டேன். மீதி மூன்று வரிகள் என் வரிகளைவிட நன்றாக இருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இருந்தாலும் அவற்றையும் எடுத்துவிட்டேன். அந்த இடங்களில் என்ன எழுதுவது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. அச்சகத்தார் ஐயா சொன்னபடி, கப்பல் வரும் கதையை வைத்துக்கொண்டு பள்ளி விடுமுறையில் மோக்காவுக்குப் போகிறேன்.

மஹேபூர்த் தம்பிக்கு ஒரு வார்த்தை. உங்கள் கவிதையைப் பார்த்துச் சிரித்தவர்கள் தவறு செய்தார்கள். 1998இல் நம் ரூபாய்த் தாளில் தமிழின் வரிசை மாறி, இந்திக்குப் பின் அச்சானபோது அந்தத் தாள்களையே திரும்பப் பெறும் அளவுக்குக் குரல் கொடுத்த சமூகம் இது. அந்தத் தமிழில் ஒரு பிள்ளை கவிதை எழுதி வந்தால், ழகரத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உங்கள் நான்கு கவிதைகளையும் எனக்கு அனுப்புங்கள். இயந்திரத்திடம் பத்து முறை கேட்டதை என்னிடமும் பத்து முறை கேட்கலாம்.

எல்லாரிடமும் ஓர் உதவி வேண்டும். தொகுப்பின் இறுதியில் நம் ஊர்ச் சொற்களுக்கு ஒரு சிறு அகராதி சேர்க்க எண்ணியிருக்கிறேன். ரசோன், முரூம், பிபங்காய் மூன்றையும் எழுதிவிட்டேன். முரூமை என் பாட்டி ஈற்றில் குறுக்கி 'முரும்' என்றும், அம்மா நீட்டி 'முரூம்' என்றும் சொல்வார்கள். உங்கள் வீடுகளில் எப்படிச் சொல்கிறார்கள், எந்த ஊர்ப் பக்கம் என்பதையும் சேர்த்து இங்கேயே எழுதுங்கள்.